தோப்பூர்ப் போரும் முடிவறியாத மடலும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் வழியிலுள்ள தொப்பூர்க் கணவாயை அறியாத ஆயர் இப்பகுதியில் இரார். விஜயநகர அரசுரிமைப் போரின் பெரும் போராகிய தோப்பூர்ப் போர் இக்கணவாயில்தான் நடந்தது எனக் கருதுவோர் உளர். பெயரொற்றுமை தந்த மயக்கம் அது. 1616-17-இல் நடந்த அப்போரின் களம் காவிரிக்கரையில் கல்லணையை அடுத்த தோப்பூர்.

களம் நம்முடையதன்று எனினும் போர் நமக்கு அயலானதன்று. சேந்தமங்கலமும் சேலமும் அந்நாளில் மதுரைக்கு அடங்கியவை. மதுரை முத்துவீரப்ப நாயக்கரோ அப்போரில் ஒரு தரப்பின் தூணாக நின்றவர். போர் நடந்து ஏழாண்டுகள் கழியுமுன், 1623-இல், தத்துவ போதகர் இராபர்ட் தே நோபிலி நம் சமவெளிக்கு வந்தார். திருச்சபை வரலாற்றை இவ்வருகையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முந்திய போரை, நற்செய்திக்குக் கதவு திறந்த இறைவனின் ஏற்பாடு என்று ஒரே சொற்றொடரில் கடந்துவிடுவதும் உண்டு. அச்சொற்றொடரையே இங்கு ஆராய விழைகிறோம்.

நிகழ்ச்சிகள் சுருக்கமாக இவை. 1614 அக்டோபரில் இரண்டாம் வேங்கடர், தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாக நியமித்து இறந்தார். அரசியின் உடன்பிறந்த ஜக்கராயன் புதிய அரசரைக் குடும்பத்தோடு சிறையிலிட்டு, அரசியின் மகன் எனப்பட்ட சிறுவனை அரியணையேற்றினான். எச்சம நாயக்கர் ஒருவரே இதற்கு இணங்காமல் நின்றார். சிறையிலிருந்த அரசரின் இரண்டாம் மகன் இராமனை வண்ணான் ஒருவன் அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொணர்ந்தான். எஞ்சியோர் அழிக்கப்பட்டனர். அதன்பின் மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம். தஞ்சை இரகுநாத நாயக்கர் எச்சமர் பக்கம். தோப்பூரில் ஜக்கராயன் வீழ்ந்தான்.

இவற்றை நமக்குத் தருவன இருவகைச் சான்றுகள். ஒன்று தஞ்சை அரசவைக் காப்பியங்கள்: இராமபத்திராம்பா என்னும் பெண்பாற் புலவர் வடமொழியில் இயற்றிய இரகுநாதாப்யுதயம், யக்ஞநாராயண தீட்சிதரின் சாகித்திய ரத்னாகரம் ஆகியன. மற்றொன்று இயேசு சபைத் துறவி மனுவேல் பராதாஸ் 1616 டிசம்பர் 12-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடல். இராபர்ட் சூவெல் 1900-இல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் அதன் மொழிபெயர்ப்பு உள்ளது.

காப்பியங்களைப் புகழ்மொழி எனத் தள்ளி மடலை உண்மை எனக் கொள்வது எளிது. கிறிஸ்தவ வாசகருக்கு இன்னும் எளிது. அது முறையன்று. பராதாஸ் களத்தைக் கண்டவரல்லர். கேட்டதை எழுதினார். திருச்சிராப்பள்ளி வெளியில் பத்து இலட்சம் வீரர் திரளக்கூடும் என்ற அவரது கணக்கை எவரும் நம்ப வேண்டியதில்லை. அரசி கருவுற்றதாக நடித்துப் பிராமணக் குழந்தை ஒன்றைத் தன் மகனாக்கினாள் என்பதும் எதிர்த்தரப்பினர் பரப்பிய செய்தியாக இருக்கலாம்.

ஆயினும் மடலுக்கு ஒரு தனிச்சிறப்புண்டு; இதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது நம் கருத்து. எழுதியவருக்கு முடிவு தெரியாது. படைகள் திரள்கின்றன, மடல் நின்றுவிடுகிறது. காப்பியங்களோ வென்றவனின் அவையில் பிறந்தவை. முதல் அடியிலேயே அவற்றுக்கு முடிவு தெரியும். ஆகவே அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சியும் அறத்தின் வெற்றியை நோக்கி நடக்கிறது. இறைவனின் ஏற்பாடு என்று நாம் ஒரே சொற்றொடரில் சொல்லும்போது, மடல் எழுதிய துறவியோடு நிற்கவில்லை, அவைப்புலவரோடு நிற்கிறோம்.

மாணவர்கள் 2 இராஜாக்கள் 11-ஐ நினைவு கூர்வர். அத்தாலியாள் அரச குலத்தை அழித்தபோது யோசேபாள் குழந்தை யோவாசை ஒளித்துவைத்தாள். ஒப்புமை வியப்பூட்டுகிறது, ஆனால் வேற்றுமையே நம்மை உறுத்துகிறது. திருமறை காப்பாற்றியவளுக்குப் பெயர் தருகிறது. பேரரசின் வாரிசையே தோளில் சுமந்த வண்ணானுக்கு நம் வரலாறுகளில் பெயரில்லை. சாதித் தொழிலே பெயராயிற்று. சேலம், நாமக்கல் ஊர்ச்சபைகளில் இக்கதையைச் சொல்வோர் அவ்விடத்தில் சற்றுத் தயங்கினால் நன்று. மேலும், 2 நாளாகமம் 24-இல் யோவாசின் பிற்காலம் வருகிறது: தன்னைக் காத்த யோய்தாவின் மகனையே அவன் கொல்வித்தான். இராமதேவரின் கதையும் இனிதாக முடியவில்லை. ஜக்கராயனின் தம்பி எதிராஜன் போரைத் தொடர்ந்தான். இறுதியில் இராமதேவர் அவன் மகளையே மணந்து சமாதானம் செய்துகொண்டார். பெற்றோரைக் கொன்ற குடும்பத்தில் பெண்ணெடுத்த முடிவை, தோப்பூரில் அறம் வென்றது என்று பாடும் புலவர் எங்கே அமைப்பார்?

காவிரி அணை உடைக்கப்பட்ட செய்தியும் தஞ்சைத் தரப்பிலிருந்தே வருகிறது. ஜக்கராயன் பக்கத்தார் தஞ்சைப் படையைத் தடுக்க அதை உடைத்தனராம். பகைவர் மீதான குற்றச்சாட்டு என்பதால் எச்சரிக்கையோடு கொள்க. எனினும் மோகனூர்க் கரையிலிருந்து பார்ப்போருக்கு, அணை உடைந்தால் கீழே யாருடைய வயல் கெடும் என்று விளக்க வேண்டியதில்லை.

தே நோபிலி வந்தபோது சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை ஆதரித்தார். சேலத்திலோ அரசுரிமைப் பூசல் சிற்றளவில் மீண்டும் நடந்திருந்தது: ஆட்சியிலிருந்தவர் தம்பி, உரிமையிழந்தவர் அண்ணன் திருமங்கல நாயக்கர். இவ்வண்ணனே 1625-இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார். மிஷனெரி வரலாறுகள் இதை வெற்றியாகப் பாடுகின்றன. தோற்றவர் ஒருவர் திருச்சபையை நாடினார் என்று வாசிக்க ஏன் கூசுகிறோம் என்பது நமக்கு விளங்கவில்லை. அவ்வாசிப்பு அவருடைய விசுவாசத்தைக் குறைக்காது. நம் சீர்திருத்த மரபினர், இலண்டன் மிஷன் சேலத்தில் 1827-இல்தான் பணி தொடங்கியது என்பதைக் காட்டி, இது கத்தோலிக்கர் கதை என ஒதுங்கவும் வேண்டா. அணை உடைந்த ஆறு இருவருக்கும் பொது.

சத்தியநாதய்யரின் மதுரை நாயக்கர் வரலாறும் (1924) ஈராஸ் அடிகளின் ஆரவீட்டு மரபு வரலாறும் (1927) இன்றும் பயன் தருவன. ஆனால் மாணவர் முதலில் பராதாசின் மடலைத் தனியே வாசிக்கட்டும். கடைசி வரியில் படைகள் இன்னும் திரண்டுகொண்டிருக்கும். அங்கே நிறுத்தி 2 இராஜாக்கள் 11-ஐத் திறக்கட்டும். மற்ற நூல்களை மறுநாள் எடுக்கலாம்.