வேலி மூலிகையும் வீட்டுப் பக்குவமும்

மாரி தொடங்கிச் சில கிழமைகளுக்குள் ஜெயபுரம் முதல் கிளிநொச்சி நகர் வரை வேலியோரங்கள் பச்சை பிடித்துவிடும். கிளுவை வேலியில் முசுட்டை ஏறும், கம்பியில் மொசுமொசுக்கை படரும், முற்றத்து மணலில் சாறணை விரியும். ஈரம் நிற்கும் இடங்களில் வல்லாரையும் பொன்னாங்காணியும், பற்றைகளில் தூதுவளையும் முடக்கொத்தானும் தளிர்க்கும். இவற்றைத் தேடிப் பறிக்கும் பழக்கத்துக்கு இளையவர்களிடம் இப்போது புதிய மதிப்பு வந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுத்துப் பெயர் தேடுகிறார்கள், குணங்களைப் பட்டியலிட்டுப் பகிர்கிறார்கள். இந்த ஆர்வம் வேண்டியதே. ஆனால் செடியின் பெயர் பரவும் வேகத்தில் அதன் பக்குவம் பரவவில்லை. இந்தப் பழக்கத்தின் பெரிய குறை இதுதான்.

முதலில் அதன் வலிமையைச் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை மருந்தையும் உணவையும் சுருக்கியபோது, வன்னிக் குடும்பங்களுக்கு வேலிக் கீரையும் பரிகாரியாரின் கைமருந்தும் துணை நின்றன. 2022 செப்தெம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோதும் காசில்லாமல் கிடைத்த கறி கீரைதான். இரும்பு, கல்சியம், விற்றமின் ஏ ஆகியவற்றைத் தரும் இலைகள் வாசலில் முளைக்கும்போது அவற்றை அறியாமல் இருப்பது பெரிய இழப்பு. 2008இல் போரால் மேற்கு வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தது. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த வேலியும் இல்லை, அதைக் காட்டித்தரப் பெரியவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை. அறுந்துபோன அந்த அறிவை மீட்க நினைப்பவர்களை மதிக்கிறேன்.

ஆனால் அந்த அறிவு சமையலோடு சேர்ந்தே இருந்தது. முசுட்டையையும் குறிஞ்சாவையும் தேங்காய்ப்பூ போட்டு வறையாக்குவார்கள். முடக்கொத்தான் இரசத்தில் சேரும். இலைக்கஞ்சியில் பல இலைகளின் சாறு அரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் கலக்கும். எந்த ஓர் இலையும் அளவுக்கு மிஞ்சி வயிற்றுக்குள் போகாதபடி இந்தச் சமையல் முறைகளே காத்தன. இன்று பகிரப்படும் பட்டியல்கள் இந்தக் காவலை நீக்கிவிட்டு, ‘தினமும் வெறும் வயிற்றில் சாறு’ என்கின்றன. சிறுகுறிஞ்சா இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். நீரிழிவு மாத்திரை எடுப்பவர் அதன் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சாறணையில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஒக்சலேற் மிகுதி. அவித்து நீரை வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும், பச்சைச் சாற்றிலோ எல்லாம் உள்ளே போகும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பலரை வாட்டும் காலத்தில் இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள முடியாது.

அடையாளம் காண்பதும் படம் எடுப்பதுபோல் எளிதானதல்ல. கார்த்திகைச் செடியை எடுத்துக்கொள்வோம். மாரியில் தீச்சுடர்போல் பூக்கும்போது அதைத் தெரியாதவர் இல்லை. கோடையில் கொடி காய்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அதை வள்ளிக்கிழங்கென்று எண்ணி அவித்து உண்டு இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் அவித்தாலும் அழியாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், பின் உறுப்புகள் செயலிழக்கும். பூவைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி, தோண்டிய கிழங்கின் முன் உதவாது. ஒரு செடியை ஆண்டு முழுவதும், முளையிலும் பூவிலும் காயிலும் காய்ந்த நிலையிலும் பார்த்தவரே அதை அறிந்தவர்.

எங்கே முளைத்தது என்பதும் முக்கியம். வயல் வரம்பில் தளதளவென்று நிற்கும் பொன்னாங்காணியில் களைநாசினி பட்டதா என்பதை இலை காட்டாது. கிளைபோசேற் என்ற களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டது, பின்னர் அந்தத் தடை தளர்ந்தது. ஆகவே வரம்பில் பறிக்கும் முன் வயல்காரரைக் கேட்பது அவசியம். கழிவுநீர் வாய்க்கால் ஓரத்து வல்லாரையையும் நாடக்கூடாது. வன்னியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கண்ணிவெடி அகற்றி முடியாத பற்றைக்காட்டுக்குள் மூலிகை தேடி எவரும் இறங்கக்கூடாது. ஆதலால் பாதுகாப்பான இடம் வீட்டு வேலிதான். அந்த உயிர்வேலிகளையே வெட்டி மதில் கட்டிக்கொண்டு மூலிகைப் பெருமை பேசுவது பொருந்தாது.

கைதடியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி ஒருபுறமும், இலைக்கஞ்சி காய்ச்சும் அம்மம்மாக்களின் கையறிவு மறுபுறமும் நம்மிடம் இருக்கின்றன. இரண்டும் பாடசாலைத் தோட்டத்தில் சந்திக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துச் செடிகள் போதும். எந்தப் பருவத்தில், எந்தப் பாகம், எப்படிச் சமைப்பது, எவ்வளவு, யார் தவிர்க்க வேண்டும் என்ற ஐந்தையும் பிள்ளைகள் சேர்த்துப் படிக்கட்டும். இந்த ஐந்தும் இல்லாத மூலிகைப் பட்டியல் கைபேசிக்கு வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய நல்ல காரியம்.