பழிவாங்கும் பார்வை
‘ஆளவந்தான்’ திரைப்படமும் பிளவுண்ட பார்வையாளரும்

1. வினா

ஒரே திரைப்படத்தைக் கண்டு வெளிவருவோருள் ஒரு சாரார் அதனை அருவருப்பு என்பதும், மற்றொரு சாரார் அரிய கலைப்படைப்பு என்பதும் புதுமையன்று. ஆயினும் இவ்விரு தீர்ப்பும் ஒரே ஆலயத்தில் அருகருகே அமர்ந்து வழிபடுவோரிடமிருந்து வருமாயின், அதனைச் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிடுதல் ஆயருக்குத் தகாது. எதைக் கண்டு ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார், எதைக் கண்டு மற்றவர் இமைக்காது நோக்குகிறார் என்பது, அவரவர் உள்ளத்தில் நீதியும் சினமும் எங்ஙனம் குடியிருக்கின்றன என்பதைக் காட்டும்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஊழியஞ் செய்யும் எனக்கு, இங்குள்ள இளைஞர் படிப்புவட்டம் ஒன்றில் ‘ஆளவந்தான்’ என்னும் திரைப்படத்தைப்பற்றிய இத்தகைய எதிரெதிர்த் தீர்ப்புகளைக் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவற்றை முன்வைத்து, பழிவாங்கும் கதைகளைத் திருச்சபை எங்ஙனம் நோக்கவேண்டும் என்பதை ஈண்டு ஆராய விழைகிறேன்.

2. படமும் அதன் வரலாறும்

கமல்ஹாசன் தாம் எழுதிய ‘தாயம்’ என்னும் தொடர்கதையைத் தழுவித் திரைக்கதை அமைத்து, இரட்டை வேடத்தில் நடித்து, சுரேஷ் கிருஷ்ணா இயக்க, கலைப்புலி எஸ். தாணு தயாரித்த இப்படம் 2001ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வெளிவந்தது. பெரும் பொருட்செலவில் உருவாகியும் அது வசூலில் வெற்றிபெறவில்லை; ‘அபய்’ என்னும் பெயரில் வந்த அதன் இந்தி வடிவமும் அவ்வாறே. சிறப்புக் காட்சியமைப்புக்கான தேசிய விருது மட்டும் அதற்குக் கிட்டியது. எனினும் கைவிடப்பட்ட அப்படத்தை ஒரு சிறு கூட்டம் விடாது பற்றிக்கொண்டது. அமெரிக்க இயக்குநர் குவென்டின் டரான்டினோ தம் பழிவாங்கும் படமான ‘கில் பில்’லில் ஒரு பகுதியை ஓவிய அசைவுகளால் அமைத்ததற்கு இந்தியப் படம் ஒன்று தூண்டுதலாயிற்று என அவர் தம்மிடம் கூறியதாக இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் தெரிவித்தபின், ‘ஆளவந்தான்’ மேலும் பேசப்பட்டது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் நீளம் குறைக்கப்பட்டு அது மீண்டும் திரையிடப்பட்டபோது, முதல் வெளியீட்டின்போது பிறந்தேயிராத இளைஞர் பலர் அதனைக் கண்டனர்.

கதை எளியது. விஜய், நந்து என்னும் இரட்டையருள் விஜய் உறவினரிடம் வளர்கிறான்; நந்துவோ சிற்றன்னையின் கொடுமைக்கு இரையாகிறான். சிறுவனாயிருக்கும்போதே அவளைக் கொன்று, மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான். ஆண்டுகள் கடந்து, படைவீரனான விஜய் தான் மணக்கவிருக்கும் தேஜஸ்வினியை அழைத்துவந்து காட்டும்போது, நந்துவின் கண்ணுக்கு அவள் தோன்றவில்லை. இறந்துபோன சிற்றன்னையே மீண்டு வந்து நிற்கிறாள். தம்பியை ‘மீட்க’ அவளைக் கொல்ல வேண்டும் எனத் தப்பியோடுகிறான். இடையில் ஷர்மிலி என்னும் பாடகியைக் கொல்கிறான். முடிவில் தானே வெடித்தீயில் மாய்கிறான்.

இதனை உளவியல் திகிற்படம் என்பர். அடிப்படையில் இது பழிவாங்கும் கதையே. கடன்பட்டவள் இறந்துவிட்டாள், கடனோ இன்னும் தீரவில்லை. ஆகவே அதனைச் செலுத்த வேறொரு முகம் தேடப்படுகிறது.

3. பிளவு நிகழும் இடம்

எங்கள் வட்டத்தில் கருத்துப் பிளவு குறிப்பாக ஓரிடத்தில் நிகழ்ந்தது. நந்து போதையில் மயங்கி ஷர்மிலியைத் தாக்கும்போது, நடிகர்களின் உருவங்கள் நடுநடுவே ஓவிய உருவங்களாக மாறுகின்றன. சதையும் குருதியும் கோடும் வண்ணமும் ஆகின்றன. கனவு எது, நனவு எது என்று பிரித்தறிய இயலாதபடி காட்சி ஓடுகிறது.

இதனைக் கண்டித்தோர் கூறியது இது: கொலையை விளையாட்டாக்குவது கொலையினும் கொடிது, ஓவியத்தில் சிந்தும் குருதிக்கு வலியில்லை, வலியில்லாத குருதியைக் கண்டு பழகிய கண் வலியுள்ள குருதியையும் அவ்வாறே காணும். பாராட்டியோர் கூறியது: அக்காட்சி நம்மைக் கொலைஞனின் கண்ணுக்குள் வைக்கிறது, எதிரே இருப்பவள் அவனுக்கு ஒரு பெண்ணாகவே தோன்றவில்லை, ஓர் உருவமாகத்தான் தோன்றுகிறாள், அதனை வேறெவ்வகையிலும் காட்ட இயலாது.

இரு சாராரும் ஒரே உண்மையின் இரு முனைகளைப் பற்றியிருந்தனர் என்பது என் கருத்து. பழிவாங்குதல் கையின் செயலாகுமுன் கண்ணின் நோயாயிருக்கிறது. பழியுணர்வு கொண்டவன் தன் எதிரே நிற்பவரைக் காண்பதில்லை. அவர்மேல் ஒரு பழைய முகத்தைப் போர்த்து, அம்முகத்தைத் தாக்குகிறான். இப்படத்தின் கனவுத்தன்மை வெறும் அலங்காரமன்று; அந்நோயைப் பார்வையாளர் அகமிருந்து உணரச் செய்யும் கருவி அது. இவ்வளவில் அப்படம் உண்மையே பேசுகிறது.

வன்முறை தன் உண்மையான பகைவனை எட்ட இயலாதபோது, எளிதில் எட்டக்கூடிய பதிலாள் ஒருவரைத் தெரிந்துகொள்கிறது என்பதை 1972இல் வெளிவந்த ‘வன்முறையும் புனிதமும்’ என்னும் நூலில் பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார்டு விரிவாக நிறுவினார். நந்துவின் கதை அக்கருத்துக்கு ஓர் எடுத்துக்காட்டெனலாம்.

4. நம் மாவட்டத்தின் சான்று

இது திரையில் மட்டும் நிகழ்வதன்று. 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்ததையொட்டி எழுந்த துயரமும் நீதி வேண்டும் என்ற குரலும் நியாயமானவை. ஆனால் சூலை 17ஆம் நாள் கூட்டமாகத் திரண்டோரின் சினம் எங்கே சென்று விழுந்தது? பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. மேசை நாற்காலிகள் சூறையாடப்பட்டன. அப்பள்ளியில் பயின்ற வேறு பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. அப்பிள்ளைகள் எவருக்கும் எக்கடனும் பட்டவரல்லர். தீ வைத்தவர் கண்ணுக்கு அக்காகிதங்களில் எழுதப்பட்டிருந்த பெயர்கள் தெரியவில்லை.

மற்றொரு சான்று இன்னும் நுட்பமானது. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்குரிய வேதிப்பொருள், மலையில் காய்ச்சி இறக்கும் பொருளன்று. ஆயினும் ஊராரின் பேச்சு உடனே கல்வராயன் மலையை நோக்கித் திரும்பியது. மலையில் சாராயம் காய்ச்சுவோர் உளர் என்பது மெய்யே. அதற்காக மலைவாழ் மக்கள் அனைவரையும் குற்றவாளிகளாகக் காண்பது எந்த நீதி? அம்மக்கள் தலைமுறைகளாக ஜாகீர்தாரர்களின் ஆட்சியில் அடங்கி வாழ்ந்தவர்கள். சாலையும் பள்ளியும் மருத்துவமும் அவர்களுக்குப் பிந்தியே வந்தன. அவர்களது வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாகவே முன்வந்து வழக்கெடுத்துக்கொண்டது, அந்த நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பின்னரே.

எங்கள் வட்டத்திற்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த உபதேசியார் ஒருவர், விவாதம் முற்றியிருந்தபோது இவ்வாறு கூறினார்: “ஐயா, நந்துவுக்கு அந்த ஒரு முகந்தான் தெரிஞ்சுது. எதிர்ல நின்னது யாருன்னு தெரியல. எங்களக் கீழ பாக்கிறவங்களும் அப்படித்தான் பாக்கிறாங்க.” படத்தைப்பற்றி அன்று கூறப்பட்டவற்றுள் இதனினும் சிறந்த திறனாய்வை நான் கேட்கவில்லை.

5. படம் தவறும் இடம்

இப்படத்தின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அவை இரண்டு.

முதலாவது, ஷர்மிலிக்காகப் படத்தில் எவரும் அழுவதில்லை. நந்துவின் இளமைத் துயரத்துக்குப் படம் நீண்ட நேரம் ஒதுக்குகிறது. கொல்லப்பட்டவளுக்கோ ஒரு கடந்த காலமும் இல்லை, ஒரு துக்க வீடும் இல்லை. கொலைஞனின் கண் அவளைக் காணவில்லை என்று காட்ட வந்த படம், தானும் அவளைக் காணத் தவறிவிடுகிறது. இங்கே நோயைக் காட்டும் கருவியே நோயின் வயப்பட்டுவிட்டது. கண்டித்தோரின் அருவருப்பு இவ்விடத்தில் நியாயமுடையது.

இரண்டாவது, மனநோயாளியைக் கொலைஞனோடு ஒன்றாக்கிக் காட்டுவது. படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ மூன்று திங்களுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பியோட இயலாது 28 பேர் கருகி மாண்டனர். அந்நாளில் மனநோயாளியால் சமுதாயத்துக்கு நேர்ந்த தீங்கைவிட, சமுதாயத்தால் அவருக்கு நேர்ந்த தீங்கே பெரிது என்பதை நாடு கண்டது. அவ்வாண்டிலேயே திரையில் தோன்றிய விலங்கிடப்பட்ட மனிதனோ அஞ்சத்தக்க அரக்கனாகவே நின்றான். மனநோயாளரைச் சங்கிலியிடுதல் எவ்வகையிலும் கூடாது எனச் சட்டம் தெளிவாக விலக்கியது 2017இல்தான். நம் சபைகளில் மனநோயுற்றோரின் குடும்பத்தார் எத்தனையோ பேர் வாய்திறவாது அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இப்படத்தைக் கண்டு எழுந்து சென்றால், அதனை ரசனைக் குறைவு என்று கூறத் துணிவோமா?

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனும் சங்கிலிகளால் கட்டப்பட்டவனே. ஊரார் அவனிடத்தில் கண்டது ஓர் அச்சத்தை. ஆண்டவர் அவனது பெயரைக் கேட்டார். அவன் ஆடையுடுத்துப் புத்தி தெளிந்து அமர்ந்திருந்ததைக் கண்டவர்கள் மகிழவில்லை, பயந்தார்கள், இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகுமாறு வேண்டினார்கள். பார்வையாளரின் எதிர்வினையை இத்துணைக் கூர்மையாய்ப் பதிந்த இடம் திருமறையில் அரிது. அரக்கனாய் இருந்தவரை அவனைப் பொறுத்துக்கொண்டவர்கள், அவன் மனிதனானபோது பொறுக்கவில்லை.

6. திருமறையில் பழியின் குரல்

பழிவாங்கும் கதைகள் விசுவாசிகளுக்கு முற்றிலும் அந்நியம் என்போர், திருமறையை முழுதும் வாசித்தவர்களல்லர். ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு தன் மனைவியர் முன் பாடுவது, தனக்குக் காயம் விளைத்த வாலிபனைக் கொன்ற பெருமிதப் பாட்டே. காயீனுக்கு ஏழு மடங்கு எனின் தனக்கு எழுபத்தேழு மடங்கு என்று அவன் கணக்கிடுகிறான். 137ஆம் சங்கீதமோ சிறையிருப்பின் கண்ணீரில் தொடங்கி, பாபிலோனின் குழந்தைகள் மோதியடிக்கப்பட வேண்டும் என்ற விருப்பத்தில் முடிகிறது. அக்குழந்தைகள் எருசலேமை எரித்தவரல்லர். பதிலாளைத் தேடும் அதே நோய் இங்கும் உளது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மாணவர் ஊன்றி நோக்கவேண்டும். லாமேக்கு தன் பழியைத் தன்னைப் போற்றுவோர் முன் பாடுகிறான். சங்கீதக்காரனோ தேவனுக்கு முன்பாகக் கூறுகிறான். முன்னது கேட்போரின் கைதட்டலை வேண்டுகிறது. பின்னது கேட்கிறவரின் தீர்ப்பை வேண்டுகிறது. சினத்தை வெளியிடாது புதைப்பது புனிதமாகாது; அதனைத் தக்க இடத்தில் இறக்கிவைப்பதே புனிதத்தின் தொடக்கம். பழியைத் தேவ கோபாக்கினைக்கு விட்டுவிடுமாறு ரோமர் பன்னிரண்டாம் அதிகாரம் கூறுவது, நீதியைக் கைவிடச் சொல்வதன்று. நம் கண் நோயுற்றிருப்பதால், வாளை நம் கையில் கொள்ளாதிருக்கச் சொல்வது.

லாமேக்கின் கணக்கை ஆண்டவர் மறவாதிருந்தார். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவியபோது, அப்பழைய பெருக்கத்தையே எடுத்து மன்னிப்பின் பெருக்கமாகத் திருப்பினார். சிலுவையில் எல்லாருடைய பழியும் குற்றமற்ற ஓர் உடலின்மேல் விழுந்தது. ஆனால் அவர் அதனை வேறொருவர்மேல் கடத்தவில்லை; தம்மிடத்திலேயே நிறுத்தினார். தம்மை அறைந்தோரைப் பகைவராகக் காணாது, செய்வதை அறியாதவராகக் கண்டார். பழிவாங்கும் பார்வைக்கு மருந்து அப்பார்வையே.

7. ஆயர் செய்யத்தக்கது

இத்தகைய படத்தைக் காணலாமா என்று இளைஞர் வினவும்போது, ஆம் என்றோ இல்லை என்றோ விடையிறுத்து அனுப்பிவிடுதல் எளிது. அதனினும் பயனுள்ளது அவர்களோடு மூன்று வினாக்களைக் கேட்பது. இப்படத்தில் அடிபடுகிறவருக்கு முகம் உண்டா? அவருக்காக எவரேனும் அழுகின்றனரா? அரங்கைவிட்டு வெளிவரும்போது யாரைக் காணும் ஆற்றல் நமக்குக் கூடியிருக்கிறது, யாரைக் காணும் ஆற்றல் குறைந்திருக்கிறது?

இவ்வினாக்களால் ‘ஆளவந்தானை’ அளப்போமாயின், முதல் இரண்டில் அது பெரிதும் தோற்கிறது. மூன்றாவதிலோ, தக்க துணையோடு காண்பவர்க்கு அது வெல்லவுங்கூடும். அந்த உபதேசியார் அதனை மெய்ப்பித்தார். கண்ணை மூடிக்கொண்டவரும் இமைக்காது நோக்கியவரும் ஒருவரையொருவர் கேட்கும்படி அமர்த்துவதே ஆயரின் பணி. முன்னவரிடமிருந்து பின்னவர் வலியைக் கற்கட்டும். பின்னவரிடமிருந்து முன்னவர் தம் உள்ளத்திலும் அந்நோய் உண்டென்பதைக் கற்கட்டும்.

கள்ளக்குறிச்சி நகரத்திலிருந்து மேற்கே நோக்கினால் மலை தெரியும். அதனைக் குற்றத்தின் முகமாகக் காண்பதும், பெயர்களுடைய மாந்தர் வாழும் இடமாகக் காண்பதும் நம் பார்வையைப் பொறுத்தது. அப்பார்வையைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு முதலாவது பிரசங்கபீடத்தில் நிற்போருக்கு உரியது.