ஓடப்பாட்டும் துடுப்புப் பிடித்த கையும்

கோடை மாலையிலே சிறு தோணியொன்றில் இருவர் மூவர் அமர்ந்து, பக்கவாத்தியமின்றிப் பாடிச் செல்வதினும் இனியதோர் இசைக்காட்சி உண்டோ? வெயில் தாழ்ந்தபின் நீரையொட்டிய காற்று குளிர்ந்து, மேற்காற்று வெப்பமாயிருப்பின், ஒலி மேலெழுந்து சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் செல்லும். அக்கரையிலுள்ளான் செவியிலும் பாட்டுத் தெளிவாய் விழுவது இவ்வியற்கை விதியாலன்றி, எத்தெய்வத்தின் அற்புதத்தாலுமன்று.

நிற்க. ஓடத்தைப் பற்றிய இசைகளுள் சபைகளில் பெயர் பெற்றது, திருவையாற்றுத் தியாகராசர் (1767-1847) தெலுங்கில் இயற்றிய ‘நௌகா சரித்திரம்’ என்னும் இசை நாடகமாம். கண்ணனுடன் யமுனையில் ஓடமேறிய ஆய்ச்சியர் செருக்குறுகின்றனர். உடனே புயலெழுந்து ஓடம் துளைபடுகின்றது. தம் ஆடையால் துளையை அடைத்து, கண்ணனைப் பணிந்து பிழைக்கின்றனர். அப்பாட்டுக்களின் இனிமையை நாம் மறுப்போமல்லோம். ஆயினும், அது புகட்டும் நீதி யாது? பெண்டிர் தம் கைத்திறனை நம்பினால் செருக்கு. அஞ்சி அழுதால் பக்தி! அறிவுடையோர் இதனை ஒப்புவரோ?

பாரதியாரும் சிந்து நதி நிலவில் தோணியோட்டக் கருதியபோது, பாட்டுக்குத் தெலுங்கையே வேண்டினார். 1964இல் ‘கை கொடுத்த தெய்வம்’ என்னும் படத்தின் வாயிலாக அப்பாட்டுப் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. அது நாட்டொற்றுமை கருதிய கற்பனையாதலின் குறை கூறுதல் பொருந்தாது. அவரே பொருளறியாமல் ஒரே கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பப் பாடும் வித்வான்களைக் கடிந்தெழுதியவர். ஏற்றமிறைப்போர், நெல்லிடிப்போர் பாட்டுக்களில் நெஞ்சைப் பறிகொடுத்ததைக் ‘குயில் பாட்டி’ல் கூறியவர்.

இவ்விரண்டிலும் துடுப்பு விளையாட்டுக்குரியது. மீனவரின் ஏலேலோப் பாட்டிலோ அது வயிற்றுப்பாட்டுக்குரியது. ஒருவன் அடியெடுக்க, ஏனையோர் ஏலேலோவென்று ஏற்க, தோள்கள் ஒருங்கே வலிக்கின்றன. அங்கே மிருதங்கம் வேண்டுவதில்லை; துடுப்பே தாளம். தாளம் பிசகினால் சபையில் முகஞ்சுளிப்பர். கடலில் தோணியே திசை மாறும். இத்துணைக் கண்டிப்பான கலையையன்றோ ‘இழிந்தோர் பாட்டு’ என்று ஒதுக்கினர்! 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் தமிழுக்கு மேடை தேடித் தந்தன. அம்மேடையில் உழைப்பாளியின் பாட்டுக்கும் சரியாசனம் வேண்டுமென்பதே எமது துணிபு.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர், இந்நாட்டின் பால்மரக் காடுகளிற் பாடிய தெம்மாங்கும் இவ்வினத்ததே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், வெள்ளையர் பிள்ளைகளின் ஓடப்பாட்டை ஒப்பித்தோம். லயத்து வாசலில் பாட்டி பாடியதைக் கேட்க நாணினோம். அந்நாணமே நமக்கு இழுக்கு. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட கூலாய்ப் பகுதியில், அப்பாட்டறிந்த முதியோர் அருகி வருகின்றனர். தோழர்களே! இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் பக்கத்தில் அமருங்கள். அவர்கள் வாய் மூடியபின் எந்தச் சங்கமும் அப்பாட்டை மீட்டுத் தரமாட்டாது.