ஏடும் இசைத்தட்டும்: பாடவேறுபாடு குறித்த ஓர் ஆய்வு

காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்த நெறியைத் தழுவி, நபிபெருமானார்மீது திருப்புகழ் பாடினார் என்பது இசுலாமியத் தமிழிலக்கியம் பயில்வார் அறிந்ததே. இத்தகைய சந்த நூல்களைப் பதிப்பிப்பார்க்கு ஒரு பேருதவி உண்டு. ஏடுகள் தம்முள் மாறுபடுமிடத்துச் சந்தமே நடுவராக நிற்கும். சந்தத்தைச் சிதைக்கும் பாடம் பிழைபட்டதென ஒதுக்கப்படும். அவ்வாறு நடுநிற்கும் அளவுகோல் ஒன்றும் புலப்படாத கலைப்படைப்பு இரு பாடங்களாகக் கிடைப்பின், ஆய்வாளர் எதனைக் கொண்டு துணிவது? இவ்வினாவை எழுப்பும் இசைத்தட்டு ஒன்றனை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசையில், 1960-ஆம் ஆண்டையொட்டிப் புதுநெறி ஒன்று வலுப்பெற்றது. முன்னரே வகுத்த சுர அடுக்கு வரிசையையும் மாறாத தாள எண்ணிக்கையையும் கட்டாயமெனக் கொள்ளாமையின், இதனைக் கட்டறு ஜாஸ் எனலாம். இவ்விசைக்கும் தமிழகத்திற்கும் உள்ள உறவைப் பேசுவோர், ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டு, கொங்குநாட்டுச் செட்டிப்பாளையத்திற் பிறந்த சச்சிதானந்த அடிகளின் பெயரைத் தாங்கியதை எடுத்துக்காட்டுவர். அது பெயரளவில் காணும் உறவு. ஆராய்ச்சி முறையளவில் காணத்தக்க நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு என்பது எம் கருத்து.

ஆலிசின் கணவராகிய ஜான் கோல்ட்ரேன், 1965 ஜூன் 28-ஆம் நாள், தம்மொடு பதின்மரைச் சேர்த்து, ஏற்றம் எனப் பொருள்படும் 'அசென்ஷன்' என்னும் படைப்பை நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவு செய்தார். ஐவர் சாக்ஸபோனும் இருவர் ட்ரம்பட்டும் இசைத்தனர். பியானோவும் இரண்டு பாஸ் கருவிகளும் முரசத் தொகுதியும் உடன் நின்றன. ஏறக்குறைய 40 மணித்துளி நீளும் அப்படைப்பு அன்று இருமுறை இசைக்கப்பெற்றது. இம்பல்ஸ் நிறுவனம் முதலில் ஒன்றனைத் தட்டாக்கி வெளியிட்டது. பின்னர்க் கோல்ட்ரேன் மற்றையதே சிறந்ததெனக் கருதவே, அடுத்து வந்த படிகளில் அது இடம்பெற்றது. உறையும் எண்ணும் மாறவில்லை. இசை முடிந்தபின் தட்டின் நடுவட்டத்தைச் சூழ்ந்துள்ள வெற்றிடத்தில், இரண்டாம் பதிப்பு எனப் பொருள்படும் குறிப்பு மட்டும் கீறப்பட்டது. உறையை மட்டும் கண்டு நூற்பட்டி வரைவோர் இரண்டனையும் ஒன்றெனவே குறிப்பர். தட்டை ஒளியிற் பிடித்து அக்கீறலைப் படிப்போரே வேறுபாடு காண்பர். ஏட்டின் இறுதியில் எழுதினோன் இட்ட குறிப்பைத் தேடும் நம் பதிப்பாசிரியர் பணி இதனின் வேறன்று.

இனி, இவ்விரு பாடங்களையும் ஒப்புநோக்குவோம். கோல்ட்ரேன் எழுப்பும் சிறு சுரத்தொடர் இரண்டனுக்கும் தொடக்கம். அனைவரும் கூடி இசைக்கும் பகுதியும் ஒருவர் தனித்து இசைக்கும் பகுதியும் மாறிமாறி வருதல் இரண்டற்கும் பொது. தனியிசையில் முதல் நால்வர் வரிசையும் ஒன்றே. பின்வரும் மூன்று சாக்ஸபோன்களின் முறை மட்டும் மாறுகின்றது. முதற்பாடத்தில் உள்ள எல்வின் ஜோன்ஸின் தனி முரசிசை இரண்டாவதில் இல்லை.

இவ்வொப்பீட்டால் விளையும் பயன் சிறிதன்று. கட்டறு ஜாஸ் ஒழுங்கற்ற ஓசைக் குவியல் என்பாரும் உளர். ஒரு தட்டை மட்டும் கேட்போர்க்கு இக்கூற்றை மறுக்கச் சான்று அரிது. இரண்டனையும் கேட்போர்க்கோ, ஓர் அமைப்பு இருமுறை மீள்வது புலனாகும். தற்செயல் அங்ஙனம் மீளாது. மீள்வது யாப்பு, மாறுவது பாட்டு. திருப்புகழிற் சந்தம் நிலைத்து நிற்க, பாடுவோர் தாம் தேர்ந்த இராகத்திற் பாடுதலை இதனொடு ஒப்பிடலாம். எனினும் வேறுபாட்டையும் மறத்தலாகாது. சந்தம் ஒவ்வோர் எழுத்தின் அளவையும் கட்டுப்படுத்தும். ஈண்டுள்ள அமைப்போ பெரும்பகுதிகளின் முறையை மட்டும் காட்டி, உள்ளீட்டை இசைப்போர்க்கே விடுகின்றது. ஆகலின் அவ்வுரிமை பொய்யன்று. ஆயின் அது வரம்பிற்குட்பட்ட உரிமை.

இவற்றுள் எது மூலபாடம்? ஏட்டு வேறுபாடு பெரும்பாலும் எழுதினோரால் நேர்வது. இஃதோ ஆசிரியர் இருமுறை ஆக்கியது. ஆசிரியர் விரும்பிய இரண்டாவதை முதன்மைப் பாடமாகக் கொள்ளுதலே முறை. ஆயினும் முதலாவது பிழையன்று. அதனை நீக்கின் அமைப்பை நிறுவும் சான்றே அழியும். 1992-இல் வெளிவந்த குறுந்தட்டுத் தொகுப்பு இரண்டனையும் சேர்த்தளித்தமை பாராட்டத்தக்கது. கிடைத்தற்கு அரியது என்பது பற்றியே முதற்படியை உயர்த்துவோர் சந்தை மதிப்பைப் பாட மதிப்பென மயங்குகின்றனர். இனி, தட்டை நடுவே புரட்ட நேர்வது தட்டின் அளவால் ஆயதேயன்றி ஆசிரியர் வகுத்த இயற்பிரிவன்று என்பதும் கருதற்பாலது.

காயல் ஷேக் முகம்மது முதலியோர் பாடிய இசுலாமியத் தமிழ்ப் பாடல்கள் ஒலிப்பதிவுகளாகவே மக்களிடைப் பரவின. அவற்றைத் தொகுப்போர் பாடலின் சொற்களை அச்சேற்றுவதோடு அமையாது, தட்டின் எண், பதிந்த ஆண்டு, கீறற்குறிப்பு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். ஒரே பாடலுக்கு இரு பதிவு கிடைப்பின் ஒன்றனைத் தள்ளாது இரண்டனையும் போற்றுக. ஏட்டுக்கு நாம் அளித்த மதிப்பை இசைத்தட்டிற்கும் அளித்தாலன்றி, பாடப்பட்டு வாழ்ந்த இலக்கியத்தின் பாதி நம் ஆராய்ச்சிக்கு எட்டாது ஒழியும்.