செங்கொடியின் கீழ் றொக்: பாணிகளும் தராதரமும்

வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்கு வருகிற எங்கள் பிள்ளைகளில் பலர் இப்போது கிற்றார் பழகுகிறார்கள். மிருதங்கமும் வயலினும் பழகுகிற அதே பிள்ளைகள்தான். கோயிலடியிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்து மேற்கே நடந்தால் ஹான்வெல்லில் 76ஆம் இலக்கக் கட்டடம் வரும். ஜிம் மார்ஷல் என்ற ட்ரம்ஸ் ஆசிரியர் அங்கே இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். உலகெங்கும் றொக் மேடைகளில் நிற்கும் மார்ஷல் அம்பிளிஃபயர் 1962இல் பிறந்தது அந்தக் கடையில்தான். கிழக்கே நடந்தால் ஈலிங் ப்ரோட்வே நிலையத்துக்கு எதிரே ஒரு நிலவறை. அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் 1962 மார்ச் 17 அன்று ஈலிங் கிளப்பைத் தொடங்கிய இடம் அது. அடுத்த மாதமே மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸை அங்கே சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து வளர்ந்ததுதான் றோலிங் ஸ்டோன்ஸ்.

அந்தப் பொடியள் பாடியது இரவல் பாட்டு. சிக்காகோ கறுப்பினக் கலைஞர்களின் புளூஸை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருந்தார்கள். இரவல் வாங்குவது குறையல்ல. எங்கள் பாடாந்தரமும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு வந்ததுதானே. ஆனால் இரவல் எந்த இடத்தில் சொந்தப் பாணியாகிறது? இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான விடை ஈலிங்கில் இல்லை, இரும்புத்திரைக்கு அப்பால் இருக்கிறது.

1967 ஏப்ரல் 13 அன்று றோலிங் ஸ்டோன்ஸ் போலந்தின் வார்சாவில், பண்பாட்டு மாளிகை மண்டபத்தில், ஒரே நாளில் இரண்டு கச்சேரி செய்தார்கள். மண்டபத்துக்குள் கட்சிக்கு வேண்டியவர்களின் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அனுமதிச்சீட்டுக் கிடைக்காத இளைஞர்கள் வெளியே திரண்டு நின்றார்கள், அவர்கள்மேல் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. ஆனால் போலந்து அதற்கு முன்பே தன் வழியில் இறங்கியிருந்தது. 'றொக் அண்ட் றோல்' என்ற பெயர் அதிகாரிகளுக்கு ஆகாது என்று கண்ட பத்திரிகையாளர் ஃப்ரான்சிஷெக் வாலிட்ஸ்கி, 'பிக் பீட்' என்று வேறு பெயர் சூட்டிக் குழுக்களை வளர்த்தார். அந்தப் பாசறையில் வந்தவர் செஸ்வாவ் நியேமென். 1939இல் இன்றைய பெலாரூஸில் உள்ள கிராமமொன்றில் பிறந்து, 1958இல் குடும்பத்தோடு போலந்துக்குப் பெயர்ந்தவர். விட்டு வந்த மண்ணில் ஓடும் நியேமன் ஆற்றின் பெயரையே தன் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். அளவெட்டி பத்மநாதன், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்லி வளர்ந்த எங்களுக்கு இந்த மனம் விளங்கும். அதே 1967இல் ஓப்போலே பாட்டு விழாவில் அவர் பாடியபோது, அமெரிக்க சோல் இசையின் கதறல் முழுக்கப் போலிஷ் மொழியில் கேட்டது. அந்தப் பாணிக்கு அங்கேதான் முதல் தராதரம் கிடைத்தது என்பது என் கணிப்பு.

அரசுகளிடமும் தராதரம் இருந்தது, எழுத்தில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியில் 1958 முதல் மேடையில் வாசிப்பதில் குறைந்தது நூற்றுக்கு அறுபது பங்கு சோசலிச நாடுகளின் பாட்டாக இருக்க வேண்டும் என்று விதி. ஒவ்வொரு குழுவும் தேர்வுக்குழு முன் வாசித்துக் காட்டித் தரம் பெற வேண்டும். அந்தத் தரத்தைப் பொறுத்தே சன்மானம். இதனால் கைப்பழக்கம் நன்றாகவே வளர்ந்தது. பூடிஸ் போன்ற குழுக்களின் வாசிப்பில் பிசகு காண்பது கடினம். சொல்லுக்குத்தான் இடம் இல்லை. லைப்சிக் நகரின் ரென்ஃப்ட் குழு 1975இல் தரத்தைப் புதுப்பிக்கப் போனது. அதன் பாட்டுகளில் பன்னாக் என்ற கவிஞரின் வரிகள் ஆட்சிக்குச் சுட்டன. வாசித்துக் காட்ட விடவே இல்லை. உங்களைத் தடை செய்யவில்லை, இனி நீங்கள் இல்லை என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஹங்கேரியில் பண்பாட்டு அதிகாரி அட்செல் காலத்தில் கலையை ஆதரிப்பது, பொறுப்பது, விலக்குவது என மூன்றாகப் பிரித்தார்கள். ஒமேகா, இல்லேஷ் போன்ற குழுக்கள் அந்த இடைவெளிகளில் தேர்ச்சியோடு வளர்ந்தன.

பிராக் பாணி வேறு. 1968 ஓகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்த கையோடு பிறந்தது 'பிளாஸ்டிக் பீப்பிள் ஒஃப் த யூனிவர்ஸ்'. 1970இல் தொழில்முறை உரிமம் பறிபோனது. தொடக்கத்தில் அமெரிக்கப் பாட்டுகளை ஆங்கிலத்திலேயே பாடினார்கள், ஒரு கனடாக்காரர்கூட அவர்களோடு பாடினார். பிறகு, அச்சேற வழியில்லாமல் இருந்த எகோன் போண்டி என்ற கவிஞரின் செக் வரிகளுக்கு மெட்டமைத்தார்கள். கரடுமுரடான வாசிப்பு. கிழக்கு ஜெர்மனியின் தேர்வுக்குழு முன் நின்றிருந்தால் கடைசித் தரமும் கிடைத்திராது. ஆனால் அவர்களை வழிநடத்திய இவான் யிரோஸ், அரசு ஒப்புக்கொள்ளும்படி பாட்டைத் திருத்தாமல் இருப்பதையே தராதரமாக வைத்தார். நண்பர் வீட்டுக் கல்யாணங்களிலும் நாட்டுப்புறக் கொட்டில்களிலும் வாசித்தார்கள். 1976 செப்டெம்பரில் யிரோஸுக்குப் பதினெட்டு மாதச் சிறை, இன்னும் மூவருக்கும் தண்டனை. அந்த வழக்கைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் நண்பர்களும் 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற உரிமை அறிக்கையை வெளியிட்டார்கள். ஒரு கச்சேரிக் குழுவின் வழக்கு ஒரு நாட்டின் மனச்சாட்சியைத் தட்டியதற்கு இதைவிடப் பெரிய சான்று நான் அறியேன்.

லெனின்கிராட்டுக்கு வருவோம். என் மனம் அதிகம் தங்கும் ஊர் அது. போருக்குப் பின் அங்கே இசைத்தட்டு அச்சிட வழியில்லாதவர்கள், ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து, கத்தரியால் வட்டமாக வெட்டி, அவற்றில் தடை செய்யப்பட்ட பாட்டுகளைப் பதிந்தார்கள். நெஞ்செலும்பின் நிழல்மேல் ஊசி ஓடும். அறுபதுகளில் டேப் ரெக்கோடர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1977 முதல் இலண்டனிலிருந்து சேவா நோவ்கோரோட்செவ் பிபிசி ருஷ்யச் சேவையில் றொக் இசையை எடுத்துச் சொன்னார். அவர் பேசிய அதே புஷ் ஹவுஸிலிருந்துதான் எங்கள் தமிழோசையும் வந்தது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு, இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடிப் பிடிக்கும் அந்த ருஷ்ய இளைஞனை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1981இல் ருபின்ஷ்டைன் தெரு 13ஆம் இலக்கத்தில் லெனின்கிராட் றொக் கிளப் திறந்தது. ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் முன்கூட்டியே காட்டி முத்திரை வாங்க வேண்டும். சபையோர் கதிரையை விட்டு எழுந்து ஆடக்கூடாது. ஆட முடியாத சபை என்ன செய்யும்? சொல்லைக் கேட்கும். தணிக்கைக்காரர் ஒவ்வொரு வரியையும் துருவினார், கேட்பவரும் ஒவ்வொரு வரியையும் துருவினார். நல்ல ஒலிபெருக்கியும் நல்ல கிற்றாரும் அரிதாக இருந்த அந்த ஊரில் பாட்டைத் தாங்கியது சொல். போரிஸ் கிரெபென்ஷிக்கோவின் 'அக்வேரியம்' பூடகமாகப் பாடியது. விக்டர் சோயின் 'கினோ' பேச்சு வழக்கில், கடைக்குப் போய் வரும் பையனின் சொற்களில் பாடியது. என் காதுக்கு சோயே ஒரு படி மேல். உருவகத்துக்குள் ஒளியாமல் நேராக நிற்கிற வரிகள் அவருடையவை. இந்தக் குழுக்களின் தொடக்ககால ஒலிநாடாக்கள் பலவற்றைச் சிறுவர் மன்றமொன்றின் ஒலிப்பதிவு அறையில் அந்திரே திரோபில்லோ பதிவு செய்தார். ஆள் ஆளாகப் பிரதி எடுத்தே அவை நாடு முழுக்கப் பரவின.

பாட்டுக்காகச் சம்பளம் இல்லை. வேலையில்லாமல் இருப்பது சட்டப்படி குற்றம். ஆகவே சோய் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டார். நண்பர்கள் அந்த அறையைக் 'கம்சாட்கா' என்றார்கள். அவர் 1990 ஓகஸ்ட் 15 அன்று லத்வியாவில் கார் விபத்தில் இறந்தபோது வயது 28. கொதிகலன் அறை இப்போது சிறிய இசைக்கூடம். அங்கே இன்றும் பொடியள் கிற்றாரோடு போகிறார்கள், ருஷ்ய மொழியில் பாடுகிறார்கள்.