ஏ.கே. ராமானுஜன்: பெயரும் புத்தகங்களும்

ஏ.கே. ராமானுஜன் என்றதும் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். சங்கக் கவிதையை உலகத்துக்குக் கொண்டுபோனவர். 2011இல் டெல்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிய ராமாயணக் கட்டுரையை எழுதியவர். இரண்டும் உண்மைதான். ஆனால் இதைச் சொல்ல அவருடைய ஒரு புத்தகத்தைக்கூடப் புரட்டியிருக்க வேண்டாம்.

புரட்டினால்? 1967இல் வந்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ குறுந்தொகையிலிருந்து ஒரு தேர்வு. தமிழில் அடைமொழிகள் அடுக்கடுக்காக வந்து, வினைமுற்று கடைசியில் விழும். ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். ராமானுஜன் வாக்கியத்தை உடைத்து, வரிகளை உள்தள்ளி, படிமங்கள் வரும் வரிசையை முடிந்தவரை காப்பாற்றினார். 40ஆம் பாடலின் அவரது ஆங்கில வடிவத்திலிருந்துதான் விக்ரம் சந்திரா 1995இல் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்.

இழப்பும் உண்டு. அகவலோசை போய்விட்டது, எதுகை மோனையும் போய்விட்டன. ஆங்கிலத்தில் படிப்பவருக்குச் சங்கப் புலவர் இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர் மாதிரியே கேட்கிறார்.

கன்னட வசனங்களை மொழிபெயர்த்த ‘ஸ்பீக்கிங் ஆஃப் சிவா’ (1973) பற்றி தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் வைத்த குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது: அல்லமப் பிரபுவை மேற்கத்திய வாசகருக்குப் பழகிய ஆளாக ஆக்கிவிட்டார் என்பது. முன்னுரையில் ராமானுஜனே புராட்டஸ்டண்ட் இயக்கத்தோடு ஒப்பிடுவதால் இதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே குற்றச்சாட்டை அப்படியே தூக்கிக் குறுந்தொகை மேல் வைப்பது நியாயமில்லை. அங்கே நீண்ட பின்னுரை எழுதி, திணை மரபை விளக்கி, இந்தக் கவிதைகளுக்குத் தனி இலக்கணம் உண்டு என்று வாசகரை நிறுத்திச் சொல்கிறார்.

நாம் அதிகம் பேசாதது அவருடைய சொந்தக் கவிதைகள். 1966இல் வந்த ‘தி ஸ்டிரைடர்ஸ்’ தொகுப்பில் வைகை பற்றி ஒரு கவிதை இருக்கிறது. மதுரைப் புலவர்கள், பழையவரும் புதியவரும், வெள்ளத்தைத்தான் பாடுகிறார்கள். அதில் அடித்துப்போன கர்ப்பிணி யார் பாட்டிலும் இல்லை என்கிறது அது. அடுத்த வருஷமே சங்கப் புலவர்களை அவ்வளவு காதலோடு மொழிபெயர்த்துத் தந்தவரும் இதே ஆள்தான்.

மொழிபெயர்ப்பை மட்டும் படித்தால் அவர் மரபின் தூதர். கவிதையை மட்டும் படித்தால் மரபைக் கிண்டல் செய்யும் வெளியூர்க்காரர். இரண்டுமே பாதி ஆள். தமிழ்ப் பெருமைக்காக அவரைத் தூக்கிக் கொண்டாடுபவர்கள் அந்த வைகைக் கவிதையையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். திட்டுபவர்கள் குறுந்தொகையின் பின்னுரையை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டலாம்.