வாசலில் நிற்கும் பாட்டு: ஆங்கில வசெயிலும் ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்தும்

நாட்டார் சடங்குகளை ஒப்புநோக்குவோர் பலர் அவற்றின் புராண மூலத்தைக் கண்டவுடன் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதுவர். வளமைச் சடங்கு என்ற பொதுப்பெயரின்கீழ் இங்கிலாந்தின் குளிர்காலப் பாடலும் பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் காமன் கூத்தும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டு வாசலில் யார் பாடுகிறார், யார் கொடுக்கிறார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவே இங்கு அடிப்படையானது.

'நலமாயிரு' எனும் பழைய வாழ்த்திலிருந்து பிறந்த சொல் வசெயில். அது இருவகைப்படும். சமர்செட் போன்ற ஆப்பிள் விளையும் பகுதிகளில் மரத்தை வாழ்த்திப் பாடுவது ஒன்று. 1752ஆம் ஆண்டின் நாட்காட்டி மாற்றத்தை ஏற்காது, பழைய கணக்கின்படி ஜனவரி 17இல் இதனை நிகழ்த்தும் ஊர்கள் இன்றும் உள. கிண்ணமேந்தி வீடுவீடாகச் செல்வது மற்றையது. குளொஸ்டர்சயர்ப் பாடல் பண்ணையாரையும் அவர்தம் கால்நடைகளையும் மாறிமாறி வாழ்த்துகிறது. நல்ல பானம் தராத பணியாளனை எச்சரிக்கவும் செய்கிறது. வாழ்த்துக்குள் உரிமைக் கோரிக்கை ஒளிந்திருக்கிறது. உழைப்பவன் உடையவனிடம் ஆண்டுக்கொருமுறை கேட்டுப்பெறும் வழக்குரிமை அது. செசில் ஷார்ப் முதலிய தொகுப்பாளர் இசையின் பழமையைப் போற்றினர். அதனைப் பாடியோரின் வர்க்க வாழ்வை வற்புறுத்தியவர் ஏ. எல். லோயிட் (1967).

காமன் கூத்தின் பகைப்புலம் வேறு. வசெயில் வேளாண்மையின் ஓய்வுக்காலத்தில் வேர்கொண்டது. தேயிலைக்கோ அத்தகைய ஓய்வில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படுகிறது. எனவே மாசி அமாவாசைக்குப்பின் காமன் ஊன்றிப் பௌர்ணமியளவில் தகனம் நிகழ்த்தும் காலக்கணிப்பு, தோட்டத்து உழைப்பிலிருந்து தோன்றியதன்று. தமிழகக் கிராமத்திலிருந்து கூலிகளாக வந்தோர் உடன்கொணர்ந்தது. பிரட்டுக்களத்தின் நேரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டோர், சில இரவுகளைத் தமக்கெனப் பேணிக்கொண்டனர்.

ரதியும் மதனும் லயம்தோறும் ஆடிச்செல்கின்றனர். இல்லத்தார் வரவேற்றுக் காணிக்கை தருகின்றனர். கொடுப்போரும் பெறுவோரும் ஒரே வர்க்கத்தினர். வசெயில் மேல்நோக்கிக் கேட்கிறது. காமன் கூத்து பக்கவாட்டில் பகிர்கிறது. துரையிடம் கோரத்தக்க வழக்குரிமை எதனையும் தோட்டமுறை தொழிலாளிக்கு வழங்கியதில்லை என்பதே இவ்வேறுபாட்டின் சமூகக் காரணம் எனலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு இப்பகிர்வு தம்மை ஒரு சமூகமாக உணர்த்தும் சாதனமாகவும் அமைந்தது.

இதனைச் சமத்துவமென மிகைப்படுத்தலாகாது. தப்பிசையே கூத்தின் உயிர். தப்படித்தோரைத் தாழ்த்திய சாதிமுறையும் அதே லயங்களில் நிலவியது. ஒற்றுமையையும் முரண்பாட்டையும் ஒருங்கே கொண்டது நாட்டார் கலை.

வசெயில் சேர்ந்திசைக் குழுவின் அரங்கிற்கு ஏறியபோது அதிலிருந்த எச்சரிக்கை வெறும் நகைச்சுவையாயிற்று. காமன் கூத்தும் விழா மேடைக்கு அழைக்கப்படுகிறது. மேடையில் ரதியின் புலம்பல் கேட்கும். லயத்து வாசல் இராது. ஆகவே பாடலையும் ஆட்டத்தையும் மட்டுமன்றி, எந்த வாசலில் எவர் கொடுத்தனர் என்பதையும் பதிவுசெய்வதே ஆய்வாளரின் கடமையாகும்.